மரம் அடைத்த உலோக இழைப்புளியைக் கையால் செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஃபில் இழைப்புளி எனப்படும் கருவியைத் தமக்கெனச் செய்துகொள்ள விரும்பும் தச்சர்களும், தம் கைக்கும் வேலைக்கும் ஏற்ப ஒன்றைச் சொல்லிச் செய்விக்க விரும்புவோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இரும்பு வேலையில் ஓரளவு பழக்கமும், இழைப்புளியைத் தீட்டிப் பயன்படுத்திய அனுபவமும் உள்ளவர்களை மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டுள்ளன.

இன்ஃபில் இழைப்புளி என்பது எது?

எஃகு, வெண்கலம் அல்லது பித்தளைத் தகடுகளால் மேற்புறம் திறந்த கூடு ஒன்றைச் செய்து, அதன் முன்பகுதியிலும் பின்பகுதியிலும் அடர்ந்த மரத்தை இறுகப் பொருத்தி, அந்த மரத்தின் மீதும் அடித்தகட்டின் சாய்ந்த விளிம்பின் மீதும் தடித்த அலகைப் படுக்கவைத்து, மேலிருந்து லீவர் கேப் எனப்படும், திருகால் அழுத்தும் நெம்புமூடியாலோ ஆப்பாலோ இறுக்கும் கருவியே இன்ஃபில் இழைப்புளி. முழுவதும் மரத்தால் ஆன இழைப்புளியில் அடிப்பகுதி தேய்ந்து, அலகின் விளிம்பு வெளியே வரும் பிளவாகிய வாய் அகன்றுகொண்டே போகும். முழுவதும் வார்ப்பிரும்பால் ஆனதில் அந்தத் தேய்மானம் குறைவு. இன்ஃபில் வகையில் தேய வேண்டாத இடங்களில் உலோகமும், அதிர்வை உள்வாங்கிக் கைக்கு இதமாக இருக்க வேண்டிய இடங்களில் மரமும் அமைகின்றன.

இது எந்தக் காலத்துக் கருவி?

இரும்பு அடித்தகடு கொண்ட இழைப்புளிகள் ரோமானியர் காலத்திலேயே இருந்தன என்பதற்குப் பொம்பேயில் கிடைத்த கருவிகள் சான்று. இன்று நாம் காணும் வடிவத்திற்கு நேர் முன்னோடி, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் செய்யப்பட்ட மைட்டர் (சாய்மூலை மூட்டு) இழைப்புளிகள். ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் ஸ்டூவர்ட் ஸ்பையர்ஸ் ஏறத்தாழ 1840 முதல் செய்த கருவிகளும், அதன் பின்னர் லண்டனில் நாரிஸ் குடும்பத்தார் செய்த கருவிகளும் இந்த வகைக்கு நிலையான உருவத்தைத் தந்தன. அலகின் ஆழத்தையும் பக்கச் சாய்வையும் ஒரே தண்டால் திருத்தும் நாரிஸ் அமைப்புக்கு 1913இல் காப்புரிமை பெறப்பட்டது.

அமெரிக்காவில் லெனார்ட் பெய்லியின் வடிவமைப்புகளை 1869இல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கி, மலிவான வார்ப்பிரும்புக் கருவிகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியதும், மரவேலையின் பெரும்பகுதி எந்திரங்களுக்குப் போனதும் இன்ஃபில் தொழிலை மெல்லச் சுருக்கின. இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் அது ஏறக்குறைய நின்றேபோனது. பின்னர், தனித்துப் பட்டறை வைத்திருந்த சில கைவினைஞர்கள் அதை மீட்டெடுத்தார்கள். இங்கிலாந்தின் பில் கார்ட்டர் பித்தளை முதுகு கொண்ட பழைய ரம்பங்களிலிருந்து சிறிய இழைப்புளிகளைச் செய்து காட்டினார். கார்ல் ஹோல்ட்டி இந்தக் கருவியை நுண்பொறியியலின் துல்லியத்திற்குக் கொண்டுபோனார். இன்று கையால் செய்ய முனைவோர் இந்த இரு வழிகளுக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் நிற்கிறார்கள்.

இதன் சிறப்பு எடையில்தான் இருக்கிறதா?

இல்லை என்றே உறுதியாகச் சொல்வேன். எடை கூடிய கருவி வெட்டைத் தொடங்கிய பின் தன் வேகத்தை எளிதில் இழப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே எடை அரை நாள் வேலையில் தோளைத் தளர்த்திவிடும். எடை மட்டுமே போதுமென்றால் எந்த இரும்புக் கட்டியும் நன்றாக இழைத்துவிடும்.

உண்மையான சிறப்பு, அலகு எவ்வளவு அசையாமல் பிடிக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. வெட்டும் விளிம்பு முறுக்கேறிய நாரில் மோதும்போது அலகு ஒரு கணம் பின்வாங்கி வளைந்து, மறுகணம் முன்னே பாய்கிறது. இந்த ஆட்டம் நொடிக்குப் பலமுறை நிகழ்வதையே நாம் அதிர்வு என்று கையில் உணர்கிறோம், மரத்தில் அலையலையான தடமாகக் காண்கிறோம். நல்ல இன்ஃபில் இழைப்புளியில் அலகு ஏறத்தாழ 5 மி.மீ. தடிப்புள்ளது, அது வாய்க்குச் சற்றுப் பின்னால் எஃகின் மீதும், அதற்கு மேலே மரத்தின் மீதும் முழுமையாகப் பதிந்திருக்கும், லீவர் கேப்பின் அழுத்தமும் அங்கேயே விழும். இவை மூன்றும் ஒழுங்காக அமைந்துவிட்டால் ஆட்டத்திற்கு இடமே இல்லை. இவற்றில் ஒன்று தவறினாலும், மேலே எவ்வளவு பளபளப்பு ஏற்றினாலும், அது நல்ல கருவி ஆகாது. ஆகவே செய்பவர் தம் நேரத்தின் பெரும்பங்கை அலகு படிந்திருக்கும் சாய்ந்த தளமாகிய படுகைக்கும் வாய்க்கும் கொடுக்க வேண்டும். கீழே வரும் விடைகள் பலவும் இந்த ஒன்றையே சுற்றிவரும்.

நேர்நாரோட்டமுள்ள மரங்களில், நன்கு தீட்டிச் சரியாக அமைத்த சாதாரண வார்ப்பிரும்பு இழைப்புளியும் இதே அளவு நல்ல பரப்பைத் தரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நார் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கடின மரங்களில்தான் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

முதன்முதலில் எந்த அளவுக் கருவியைச் செய்யலாம்?

200 மி.மீ. நீளமும் 50 மி.மீ. அகல அலகும் உள்ள சிறிய மெருகு இழைப்புளி பொருத்தமானது. நீளமான மூட்டு இழைப்புளியில் அடித்தளத்தைச் சமமாக்கும் உழைப்பு நீளத்தோடு பன்மடங்காகப் பெருகும். கட்டைவிரல் அளவிலான குட்டி இழைப்புளிகளோ பார்க்க எளிமையாகத் தோன்றினாலும், உள்ளே அரம் நுழைய இடமில்லாததால் பொறுமையைச் சோதிக்கும். பக்கங்கள் நேராக உள்ள வடிவத்தையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். நடு அகன்று முனை குறுகும் வளைந்த பக்கங்கள் அழகானவைதாம். ஆனால் வளைந்த தகட்டில், விரிந்த வால் வடிவப் பற்கள் ஒன்றோடொன்று கோக்கும் புறாவால் மூட்டை வெட்டுவது இரண்டாவது கருவிக்குரிய வேலை.

ஒருவருக்கென்றே செய்யும்போது எவற்றை முன்கூட்டி முடிவுசெய்ய வேண்டும்?

முதலில் அவர் எந்த மரத்தை அதிகம் இழைக்கிறார் என்பதைக் கேட்க வேண்டும். அலகின் தீட்டுமுகம் (சாய்த்துத் தீட்டிய பக்கம்) கீழ்நோக்கி இருக்கும் வழக்கமான அமைப்பில், படுகையின் கோணமே வெட்டுக்கோணம். மென்மரத்திற்கும் நேர்நார் மரத்திற்கும் 45 டிகிரி போதும். கடின மரத்திற்கு 50 டிகிரி நல்ல நடுவழி. நாரோட்டம் மாறிமாறி ஓடும் மரத்திற்கு 55 அல்லது 60 டிகிரி வரை போகலாம். ஆனால் கோணம் கூடக்கூடத் தள்ளும் விசையும் கூடும், விளிம்பும் விரைவில் மழுங்கும். தீட்டுமுகம் மேல்நோக்கி இருக்கும் அமைப்பில் படுகைக் கோணமும் தீட்டுக்கோணமும் சேர்ந்தே வெட்டுக்கோணம் ஆகின்றன: 20 டிகிரிப் படுகையில் 30 டிகிரி தீட்டிய அலகு 50 டிகிரியில் வெட்டும். ஆகவே, பலவகை மரங்களை மாற்றி மாற்றி இழைப்பவருக்கு, இரண்டு மூன்று அலகுகளை வெவ்வேறு கோணங்களில் தீட்டி வைத்துக்கொள்ள இந்த இரண்டாவது அமைப்பு வசதியானது.

அடுத்தது கை. கைப்பிடியை மூன்று விரல்கள் சுற்ற, சுட்டுவிரல் அலகின் பக்கமாக முன்னோக்கி நீண்டிருக்க வேண்டும். உள்ளங்கையின் அகலம், விரல்களின் பருமன், மேடையின் உயரம் ஆகிய மூன்றும் கைப்பிடியின் உயரத்தையும் சாய்வையும் தீர்மானிக்கின்றன. வரைபடத்தை மட்டும் நம்பாமல், மலிவான மரத்தில் கைப்பிடியின் மாதிரியைச் செதுக்கி, பயன்படுத்தப்போகிறவர் கையில் கொடுத்து, அவர் தள்ளிப்பார்க்கும்போது எங்கே உறுத்துகிறது என்று கேட்டுத் திருத்துவதே நேர்வழி. இடக்கைக்காரருக்குக் கைப்பிடியின் வளைவுகள் மாறும் என்பதைப் பலரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

கூட்டுக்கு எந்த உலோகம் ஏற்றது?

அடித்தகட்டுக்கு 5 முதல் 6 மி.மீ. தடிப்புள்ள மென்எஃகும், பக்கங்களுக்கு 3 முதல் 4 மி.மீ. தடிப்புள்ள மென்எஃகு, வெண்கலம் அல்லது பித்தளையும் போதும். அடித்தகடு எஃகாகவே இருப்பது நல்லது. பித்தளை விரைவில் தேயும், வெளிர்நிற மரத்தில் கறையும் படியக்கூடும். பக்கங்களுக்குப் பித்தளை எடுத்தால், கடைசலுக்கென ஈயம் கலந்து விற்கப்படும் வகையைத் தவிர்க்க வேண்டும். அரத்துக்கு அது வெண்ணெய்போல் இணங்கினாலும், சுத்தியலால் தட்டி விரிக்கும்போது விளிம்பில் வெடித்துவிடும். ஈயம் கலவாத, தகடு வளைப்பதற்கென வரும் பித்தளையே இவ்வாறு தட்டி விரிக்கும் தறைதலைத் தாங்கும்.

குளிர்நிலையில் உருட்டிய எஃகுத் தகட்டில் ஒரு பக்கத்தை மட்டும் செதுக்கினால், உள்ளே அடங்கியிருக்கும் இறுக்கம் விடுபட்டுத் தகடு வளையலாம். வாயைத் திறந்த பிறகு தகட்டை ஒருமுறை மட்டம் பார்ப்பதும், முடிந்தால் வெட்டுவதற்கு முன்பே தணலில் செந்நிறம் வரச் சூடாக்கி மெதுவாக ஆறவிடுவதும் பின்வரும் வேலையை எளிதாக்கும்.

உலோகத்தில் புறாவால் மூட்டு எப்படிச் சாத்தியம்? அது இரு திசையிலும் பூட்டிக்கொள்கிறது என்கிறார்களே?

இந்தக் கேள்வி வராத நாளில்லை, வருவதும் நியாயமே. முடிந்த கருவியைப் பக்கவாட்டில் பார்த்தாலும் புறாவால் வடிவம் தெரிகிறது, அடியிலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. மரத்தில் இப்படி ஒரு மூட்டைச் செருகவே முடியாது. உலோகத்தில் முடிவதற்குக் காரணம், செருகும்போது அது இருதிசைப் பூட்டு அல்ல என்பதுதான். செருகிய பின் சுத்தியலால் தட்டி உலோகத்தை விரித்து அவ்வாறு ஆக்குகிறோம்.

முதலில் இரு பக்கத்தகடுகளையும் ஒன்றாகப் பிணைத்து, கீழ்விளிம்பில் வால்களை வரைந்து, ஹாக்ஸாவால் அறுத்து, அரத்தால் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அடித்தகட்டின் இரு ஓரங்களிலும் இவற்றுக்கு எதிரான பற்களை, வெட்டிய வால்களையே அச்சாக வைத்துக் குறிமுள்ளால் கீறிக்கொள்ள வேண்டும்; தனித்தனியாக அளந்து வரைந்தால் பிழைகள் கூடிக்கொண்டே போகும். பற்களை மாற்றிவிடாமலிருக்க ஒவ்வொரு மூலையிலும் அடையாளம் இடுங்கள். இரண்டும் விரலால் அழுத்தினால் நுழையும் அளவுக்கு இறுக்கமாகப் பொருந்திய பிறகு, வால்களின் வெளிவிளிம்புகளைச் சிறிய முக்கோண அரத்தால் லேசாகச் சரிக்க வேண்டும். இந்தச் சரிவுகள் பொருத்தியபின் சிறு முக்கோணக் குழிகளாகத் திறந்திருக்கும். வால்களும் பற்களும் எதிர்த்தகட்டின் பரப்புக்கு மேல் ஏறக்குறைய 1 மி.மீ. துருத்தி நிற்குமாறு முதலிலேயே அளவு விட்டிருப்பதால், அந்த உபரி உலோகமே தட்டத் தட்டப் பரந்து குழிகளை நிரப்புகிறது. அதன் பிறகு கூடு எந்தத் திசையிலும் கழலாது.

தட்டும் முறையில் சில நுட்பங்கள் உள்ளன. கூட்டின் உட்பக்க அளவுக்கு மிகச் சரியாக இழைத்த கடினமரக் கட்டை அல்லது எஃகுக் கட்டை ஒன்றை உள்ளே வைத்து, பக்கங்களை அதனோடு இறுக்கிப் பிணைத்த பிறகே தட்டத் தொடங்க வேண்டும். இல்லையெனில் ஒவ்வொரு அடியும் பக்கங்களை உள்நோக்கிச் சாய்க்கும். நான்கு மூலைகளிலும் முதலில் ஒவ்வொரு வாலைப் பிடித்து நிறுத்தி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, பின்னர் நடுவுக்கு வரலாம். குண்டுத்தலைச் சுத்தியலின் கனத்த அடி ஒன்று செய்யாததை இலேசான அடிகள் பல செய்துமுடிக்கும். கனத்த அடி தகட்டையே வளைக்கும். இலேசான அடி மேற்பரப்பு உலோகத்தை மட்டும் நகர்த்தும். குழியின் ஆழத்து மூலை நிரம்பிவிட்டதா என்று உருப்பெருக்கியால் பார்த்த பிறகே அரத்தைக் கையில் எடுக்க வேண்டும். அரம் போட்ட பின் ஒரு கருங்கோடு தெரிந்தால், அதை மூட அங்கே உலோகம் மிச்சமிருக்காது.

பற்றவைத்தாலோ திருகாணி வைத்தாலோ போதாதா?

திருகாணிகளால் பிணைத்துத் தலைகளைத் தட்டி மூடிய கூடு நன்றாகவே உழைக்கும்; முதல் கருவிக்கு அதில் எந்தத் தாழ்வும் இல்லை. பற்றவைப்பின் வெப்பம் தகடுகளைக் கோணலாக்குவதால், பிறகு அதை நேராக்கும் உழைப்பில் மூட்டையே வெட்டி முடித்திருக்கலாம்.

வாயை எப்படி வெட்டுவது? எவ்வளவு குறுகலாக இருக்க வேண்டும்?

அடித்தகடு ஒரே துண்டாக இருந்தால், கூட்டை இணைப்பதற்கு முன்பே அலகின் அகலத்திற்கு நெருக்கமாகத் துளைகளை வரிசையாக இட்டு, இடையிலுள்ள உலோகத்தை ஊசி அரத்தால் நீக்கி, பின்விளிம்பைப் படுகையின் கோணத்திற்குச் சரிக்க வேண்டும். பழைய மைட்டர் இழைப்புளிகளில் அடித்தகட்டை முன்துண்டு, பின்துண்டு என இரண்டாகச் செய்து, வாயின் இருபுறமும் நாக்கும் பள்ளமுமாகச் சேர்த்திருப்பார்கள். இதில் சரிவை மேடையில் வைத்துத் தாராளமாக அரத்தால் செதுக்க முடிகிறது என்பது பெரிய நன்மை.

மெருகு வேலைக்கு, அலகின் விளிம்புக்கும் வாயின் முன்விளிம்புக்கும் இடையில் 0.1 முதல் 0.25 மி.மீ. இடைவெளி போதும். ஆனால் அந்த அளவை முதலிலேயே எட்ட முயலாதீர்கள். வாய் சற்றும் திறவாத நிலையில் நிறுத்தி, அலகு, உள்மரம், லீவர் கேப் எல்லாம் பொருந்தி, அடித்தளமும் சமமான பிறகு, இறுதி வேலையாக முன்விளிம்பை மெல்ல மெல்ல அரத்தால் திறக்க வேண்டும். அடித்தளத்தைத் தேய்க்கும்போது சாய்ந்த படுகையின் காரணமாக வாயும் சற்று விரியும் என்பதே இதற்குக் காரணம்.

உள்ளே அடைக்க எந்த மரம்?

அடர்த்தியும் நிலைப்பும் உள்ள எந்த மரமும் ஆகும். பழைய கருவிகளில் பெரும்பாலும் ஈட்டி இன மரங்களும், கருங்காலியும், விலை குறைந்தவற்றில் பீச் மரமும் இருந்தன. கருங்காலி கண்ணுக்கு நிறைவானது. ஆனால் மிக மெதுவாகக் காயும், காயும்போது எளிதில் பிளவுபடும். ஈட்டி மரம் கூடுதல் நிலைப்புள்ளது என்பதால் நான் அதையே முன்வைப்பேன். ஈட்டி இன மரங்களை நாடு விட்டு நாடு கொண்டுசெல்வதைச் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. பிரேசில் ஈட்டி 1992 முதல் அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017இல் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எல்லை தாண்டி அனுப்பும் கருவியில் இந்த மரம் இருந்தால் ஆவணங்களை முன்பே விசாரித்துக்கொள்வது அவசியம். பழைய மரச்சாமான்களிலிருந்து கிடைக்கும் துண்டுகள் பல ஆண்டுகள் காய்ந்தவை என்பதால் அவற்றைத் தேடுவது வீண்போகாது.

எந்த மரம் என்பதைவிட அது எப்படி அறுக்கப்பட்டது, எவ்வளவு காய்ந்தது என்பவையே முக்கியம். மரம் ஆண்டு வளையங்களின் வழியே சுருங்கும் அளவு, வளையங்களுக்குக் குறுக்காகச் சுருங்கும் அளவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரு பக்கத்தகடுகளுக்கு இடைப்பட்ட அகலத்தில்தான் மரம் அசைய வழியின்றி அடைபட்டுக் கிடக்கிறது. ஆகவே அந்த அகலத்தில் குறைந்த அசைவு வருமாறு, முனையிலிருந்து பார்த்தால் வளையங்கள் செங்குத்தாக நிற்கும் வகையில் துண்டை எடுக்க வேண்டும். ஈரம் மிச்சமிருக்கும் மரத்தை அடைத்தால் அது பின்னர் சுருங்கிக் கூட்டை விட்டுப் பிரியும். அளவுக்கு மீறி வறண்டதை அடைத்தால் மழைக்காலத்தில் ஊதிப் பக்கங்களைப் புடைக்கச் செய்யும். கருவி பயன்படப்போகும் இடத்தின் காற்றிலேயே, தோராயமாக அறுத்த நிலையில், சில மாதங்களேனும் துண்டு இருக்க வேண்டும்.

மரத்தைக் கூட்டோடு எப்படிப் பிணைப்பது?

மரம் கையழுத்தத்தில் உள்ளே செல்லும் அளவுக்குப் பொருந்திய பின், சிறிதளவு எபாக்ஸிப் பசையைத் தடவிச் செருகி, பக்கங்களின் ஊடாகத் துளையிட்டு, 5 அல்லது 6 மி.மீ. எஃகுத் தண்டைத் தறையாணியாகச் செலுத்த வேண்டும். பக்கத்தகட்டின் துளை வாயை முன்பே சற்றுக் குடைந்திருந்தால், தட்டும்போது தண்டின் முனை அதை நிரப்பும். பக்கங்களும் தண்டும் ஒரே எஃகாக இருந்தால், அரம் போட்டு மெருகேற்றிய பின் ஆணி இருந்த இடமே தெரியாது. பித்தளைப் பக்கங்களில் பித்தளைத் தண்டு வைக்கலாம். எபாக்ஸி மட்டும் போதும் என்ற கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. தறையாணிகளே கூட்டையும் மரத்தையும் ஓருடலாக்குகின்றன.

உள்மரத்தின் சாய்ந்த முகத்தை அடித்தகட்டின் சரிவோடு ஒரே தளத்திற்குக் கொண்டுவருவதே இந்தக் கட்டத்தின் உயிர்நாடி. அலகின் பின்புறத்தில் நீலமசியை மெல்லியதாகத் தடவி, படுகையில் வைத்து அழுத்தி எடுத்தால், மேடான இடங்களில் மசி பதியும். அவற்றை மட்டும் சுரண்டி நீக்க வேண்டும். கீழே வாயருகிலும் மேலே லீவர் கேப் அழுத்தும் பகுதியிலும் தொடர்ச்சியான தொடுகை வேண்டும். இடையில் இம்மியளவு பள்ளம் இருந்தால் கெடுதலில்லை, மேடு இருந்தால் அலகு அதன் மீது ஊசலாடும்.

அலகை வாங்கலாமா, நாமே செய்யலாமா?

தடித்த அலகுகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன; வாங்குவதில் குறையில்லை. தாமே செய்ய விரும்புவோருக்கு, சூடாக்கி எண்ணெயில் அமிழ்த்தித் தோய்ச்சல் போடும் ஓ-1 வகைக் கருவி எஃகு ஏற்றது. ஏ-2 வகையைச் சரியாகக் கடினமாக்க ஏறக்குறைய 950 டிகிரி செல்சியசுக்கு மேல் நிலையாகப் பிடித்துவைக்கும் உலை வேண்டும். சிறு பட்டறையில் அது எளிதன்று.

ஓ-1 தகட்டைக் குளிர்நிலையிலேயே வடிவம் கொடுத்து, துளையிட்டு, பின்புறத்தை ஓரளவு சமமாக்கி, தீட்டுமுகத்தையும் செதுக்கிவிடலாம். ஆனால் விளிம்பில் 1 மி.மீ. தடிப்பேனும் விட்டுவைக்க வேண்டும், மெல்லிய விளிம்பு தோய்ச்சலில் வளையும் அல்லது வெடிக்கும். அலகை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்க வேண்டும். எஃகு சுமார் 770 டிகிரியில் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கிறது என்பதால், காந்தம் ஒட்டாமற்போன பிறகு இன்னும் சற்றே சூடேற்றுவது நம்பகமான குறி. அந்தச் சூடு உள்வரை பரவச் சில நிமிடங்கள் வைத்திருந்து, இதமாகச் சூடாக்கிய எண்ணெயில் விளிம்பு கீழாக, செங்குத்தாக இறக்க வேண்டும். சாய்த்து இறக்கினால் ஒருபக்கம் முதலில் ஆறி அலகு முறுக்கிக்கொள்ளும். ஆறியதும் அரம் வழுக்கினால் கடினம் ஏறிவிட்டது என்று பொருள். கண்ணாடிபோல் நொறுங்கும் அந்நிலையில் விட்டுவைக்காமல், உடனே 200 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சூட்டில் வைத்துப் பதம் இறக்க வேண்டும்; ராக்வெல் சி அளவில் 60ஐ ஒட்டிய கடினம் கிடைக்கும். பிறகு சாணையில் பிடிக்கும்போது விளிம்பு நீலம் பாய்ந்தால் இந்த உழைப்பு முழுவதும் அங்கே வீணாகிவிடும். அடிக்கடி நீரில் நனையுங்கள்.

சீவலை முறிக்கும் மேல்தகடு தேவையா?

45 அல்லது 50 டிகிரிப் படுகையில் தேவை. மேல்தகட்டின் முன்விளிம்பை அலகின் விளிம்புக்கு 0.1 அல்லது 0.2 மி.மீ. அருகே கொண்டுவந்தால், சீவல் எழுந்தவுடன் மடங்கி, நார் பிய்வது பெரிதும் குறைகிறது. ஜப்பானின் யமகாதா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்த நுண்படக் காட்சிகள் இதைத் தெளிவாகக் காட்டின. அதே வேளையில் மிகக் குறுகிய வாயும் மிக நெருங்கிய மேல்தகடும் ஒன்றாக இருந்தால் சீவல் போக வழியின்றி அடைத்துக்கொள்ளும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 55 டிகிரிக்கு மேற்பட்ட படுகையிலும், தீட்டுமுகம் மேல்நோக்கிய அமைப்பிலும் மேல்தகடு இல்லாமலே செய்யலாம்.

லீவர் கேப்பில் கவனிக்க வேண்டியது என்ன?

அதன் முனை அலகின் முழு அகலத்திலும் ஒரே சீராக அழுத்த வேண்டும், அந்த அழுத்தம் வாய்க்கு இயன்றவரை அருகில் விழ வேண்டும். குறுக்குத் தண்டுக்கான துளைகளை இரு பக்கத்தகடுகளிலும் ஒரே பிடிப்பில் துளைத்தால்தான் தண்டு அடித்தளத்திற்கு இணையாக நிற்கும். தண்டின் இடத்தைக் காகிதத்தில் முடிவுசெய்யாமல், அலகையும் மேல்தகட்டையும் உள்ளே வைத்து, லீவர் கேப்பைக் கையால் பிடித்துப் பார்த்துக் குறிக்கவும். திருகை விரலால் இறுக்கினாலே அலகு நிற்க வேண்டும். அதற்கு மேல் விசை தேவைப்பட்டால் படுகையில் எங்கோ பிழை இருக்கிறது.

அலகை நகர்த்தும் திருகமைப்பு இல்லாமல் வேலை செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். அலகின் பின்முனையைச் சிறு சுத்தியலால் தட்டினால் அது இறங்கும். கருவியின் பின்புறத்தை மரச்சுத்தியலால் தட்டினால் ஏறும். அலகின் பக்கத்தைத் தட்டினால் சாய்வு திருந்தும். பழகிய கைக்கு இது திருகமைப்பைவிட விரைவானது. முதல் கருவியில் திருகமைப்பு வேண்டாம் என்பதே என் பரிந்துரை, ஏனெனில் அதற்காகக் குடையும் பள்ளம் படுகையின் நடுவிலிருந்து மரத்தை எடுத்துவிடுகிறது.

அடித்தளத்தை எவ்வளவு துல்லியமாகச் சமமாக்க வேண்டும்?

முன்முனை, வாய்க்கு முன்னுள்ள பட்டை, வாய்க்குப் பின்னுள்ள பட்டை, பின்முனை ஆகிய நான்கும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். அவற்றினிடையே சிறு பள்ளம் இருந்தால் வேலை கெடாது. மெருகு இழைப்புளியில் நேர்விளிம்பின் கீழே 0.03 மி.மீ. இடைவெளித் தகடு எங்கும் நுழையாமலிருந்தால் போதும். மிகச் சமமாக்கிய கருங்கல் பலகையான சர்ஃபேஸ் பிளேட்டின் மீது உப்புத்தாளை ஒட்டித் தேய்ப்பது எல்லோராலும் இயலும் வழி. அலகை விளிம்பு உள்ளிழுத்த நிலையில் வைத்து, லீவர் கேப்பை வேலையின்போது இறுக்கும் அளவுக்கு இறுக்கிய பிறகே தேய்க்க வேண்டும். அந்த இறுக்கம் அடித்தகட்டைக் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைக்கிறது, நமக்கு வேண்டியது அந்நிலையில் சமமான தளம்.

எந்திரங்கள் அவசியமா?

நிறுத்தித் துளையிடும் எந்திரம் ஒன்று இருந்தால் போதும். மற்றவற்றை ஹாக்ஸா, நல்ல அரங்கள், வைஸ், மரை வெட்டும் டேப் ஆகியவற்றால் செய்யலாம்.

செய்யும்போது எந்த ஆபத்துகளைக் கவனிக்க வேண்டும்?

தோய்ச்சல் எண்ணெய் தீப்பற்றக்கூடும். ஆழமான உலோகக் கலத்தில், பொருந்தும் மூடியைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொண்டு, திறந்தவெளியில் செய்யுங்கள். ஈட்டி இன மரங்களின் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையை உண்டாக்கும். தறைதலின் ஓசை செவியைப் பாதிக்கும். கண்ணுக்கும் காதுக்கும் காப்பு வேண்டும்.

செய்து முடித்த கருவி அதிர்கிறது. எங்கே தேடுவது?

முதலில் அலகைத் தீட்டிப் பாருங்கள். மழுங்கிய அலகு எந்தக் கருவியையும் அதிரவைக்கும். பிறகு படுகையில் மீண்டும் நீலமசி வைத்து, வாயருகே தொடுகை இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து மேல்தகடு, லீவர் கேப் இரண்டும் அகலம் முழுவதும் படிகின்றனவா என ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்க்கவும். அதிர்வு புதிதாகத் தோன்றியிருந்தால், உள்மரம் கூட்டிலிருந்து விலகியிருக்கலாம்; பக்கத்தகட்டை விரல் முட்டியால் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் வெற்றோசை கேட்டால் அதுவே காரணம்.

அப்படி உள்மரம் தளர்ந்த பழைய கருவியைச் சரிசெய்யலாமா?

பெரும்பாலும் முடியும். மரம் நலமாக இருந்து, இடைவெளி மயிரளவானால், நீர்த்த எபாக்ஸியை இடைவெளிக்குள் இறங்கவிட்டு, பக்கங்களை இலேசாகப் பிணைத்து ஒருநாள் வைக்க வேண்டும். பின்னர் படுகையைப் புதிய கருவிக்குச் செய்வதுபோலவே நீலமசி வைத்துச் சரிபார்க்க வேண்டும். இடைவெளி பெரிதாக இருந்தால், தறையாணிகளைத் துளைத்து எடுத்து மரத்தையே மாற்றுவதைத் தவிர வழியில்லை. பெயர்பெற்ற பழைய பட்டறைகளின் முத்திரை உள்ள கருவியாக இருந்தால் முதல் வழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூல மரத்தை இழந்த கருவி நன்றாக இழைத்தாலும், அதைச் செய்தவரின் கைவேலையில் பாதி அதனிடம் இருக்காது.